ஒரு மர்ம நாவலும் சில மனத்தாங்கல்களும்

ராஜேஷ்குமாரின் புதிய நாவல் ஒன்று போன மாதம் கைக்கு வந்து சேர்ந்தது. ஹட்டனில் புடைவைக்கடை வைத்திருக்கும் நண்பர், சரக்கெடுக்கத் திருச்சிக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்கென்று இரண்டு மூன்று புத்தகங்களைப் பெட்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டு வருவார். சேலைகளுக்கு நடுவே கிடந்து வருவதால் அவற்றில் அச்சு மையின் வாசத்தைவிடப் புதுத்துணியின் வாசமே தூக்கலாக இருக்கும். "உங்கட ஆள் இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்காரு மாஸ்டர்" என்று சொல்லியபடி நீட்டினார்.

நோர்வூட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் புத்தகத்தைப் பையின் அடியில் தள்ளி, மேலே தரம் பத்துப் பிள்ளைகளின் கொப்பிகளை வைத்து மூடியதுதான். நாற்பத்தாறு வயதில், பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் ஒருவன், ஒரு மாத நாவலை இப்படி ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. யாருக்குப் பயந்து? பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப்பேர் கையில் போனை வைத்துக்கொண்டு என்னென்னவோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பையை யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. பயம் பஸ்ஸிலுள்ளவர்கள் மேல் அல்ல, இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நமது இலக்கியக் கூட்டங்களில் ராஜேஷ்குமாரின் பெயரை நான் கேட்டதேயில்லை. கேட்டிருந்தால் அது ஒரு சிரிப்போடு வந்திருக்கும். இவ்வளவுக்கும் ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வந்தபோது, அது கடத்தப்பட்ட ஒரு குழந்தையின் கதையாகத்தான் வந்தது. கடத்தல், ஆபத்து, தப்பித்தல் என்று ஓடும் கதை. அறிஞர் சித்திலெப்பைக்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். வாப்பா நோர்வூட் பஸாரில் தையல்கடை வைத்திருந்தார். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சுற்றிலுமுள்ள தோட்டங்களிலிருந்து துணி வந்து குவியத் தொடங்கும். முற்பணம் கிடைத்த மறுநாள் கடைக்குள் நிற்க இடமிருக்காது. காத்திருப்பவர்களுக்காக ஒரு வாங்கு போட்டிருந்தார். அந்த வாங்கின் மேல் மாலைமதி, ராணிமுத்து, க்ரைம் நாவல், பாக்கெட் நாவல் என்று அட்டை பிய்ந்தவையும் பிய்யாதவையுமாகக் கிடக்கும். பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர் வாசித்து முடித்தவற்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். அதற்குப் பதிலாக வாப்பா அவருடைய காற்சட்டைக்கு அடி மடித்துக் கொடுக்கும் கூலியை வாங்குவதில்லை.

வாப்பாவுக்கு அளவுக் கொப்பியில் எழுதும் அளவுக்குத்தான் தமிழ் தெரியும். குர்ஆன் ஓதுவார், தமிழ் வாசிக்கத் திணறுவார். ஆகவே ராத்திரியில் கடையின் பலகைகளைப் பாதி அடைத்துவிட்டு வேலை செய்யும்போது என்னை வாசிக்கச் சொல்வார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மெஷின் சத்தத்துக்கு மேலாக நான் கத்தி வாசிக்க வேண்டும். கதை சாதாரணமாக ஓடும்போது மெஷினும் ஓடும். ஒருவன் இருட்டில் மாடிப்படி ஏறுகிறான் என்றால் மெஷின் மெதுவாகும். அவன் கதவில் கை வைத்தால் மெஷின் நின்றுவிடும். பிறகு இஷாவுக்குப் பாங்கு சொல்லும். வாப்பா எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "அந்தக் கதவத் தொறந்தானா இல்லையா?" என்று கேட்பார்.

எழுத்துக்கூட்டாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேட்பவனின் முகம் பார்த்து வாசிக்க நான் படித்தது அந்தக் கடையில்தான். பின்னாளில் ஆசிரியர் கலாசாலையில் 'உரத்து வாசித்தல்' என்று ஒரு முழுப் பாடமே நடத்தினார்கள். அதில் சொல்லித்தந்த எதுவும் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. ஆனால் அங்கேதான் இந்தப் புத்தகங்களைப் பார்த்து வெட்கப்படவும் பழகிக்கொண்டேன். விடுதியில் கட்டில் மெத்தைக்குக் கீழே ராஜேஷ்குமார், மேசையின் மேல் 'மல்லிகை'.

தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். கோயம்புத்தூர்க்காரர். 1960களின் இறுதியில் சிறுகதையோடு தொடங்கியவர். 'வாடகைக்கு ஓர் உயிர்' என்ற முதல் நாவல் 1980இல் மாலைமதியில் வந்தது. அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. நாவல்கள் மட்டுமே 1500ஐத் தாண்டிவிட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1500 என்பது, மாதம் மூன்று வீதம் எழுதினாலும் நாற்பது வருடத்துக்கு மேல் எடுக்கும் வேலை. நான் வருடத்துக்கு இரண்டு கட்டுரை எழுதிவிட்டுக் கைவலி என்று சொல்பவன். சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று அதே காலத்தில் கூட ஓடியவர்கள் இருந்தார்கள். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமான செய்தியைப் படித்தபோது, வாப்பாவின் வாங்கிலிருந்து ஓர் ஆள் எழுந்து போனதுபோல இருந்தது.

சரி, புதிய நாவல். பெயரையும் கதையையும் சொல்லமாட்டேன். மர்ம நாவலின் முடிச்சை அவிழ்த்துச் சொல்பவனை வாப்பா கடைக்குள் விடமாட்டார். எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு எடுத்து ஒன்றரைக்கு வைத்தேன். நடுவில் ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்ததோடு சரி. அந்தப் பிடி இன்னும் தளரவில்லை. அவருடைய வழக்கம் பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டு கதைகளை ஓர் அத்தியாயம் விட்டு ஓர் அத்தியாயம் ஓடவிடுவார். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. கடைசியில் இரண்டும் ஒரு சந்தியில் மோதும். பழைய நாவல்களில் அந்த மோதல் வரும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை பாதிப் புத்தகத்திலேயே சந்தி தெரிந்துவிட்டது. என் தலைமுடி நரைத்ததால் வந்த கெட்டித்தனமா, அவருடைய கை சலித்துவிட்டதா என்று தீர்மானிக்க முடியவில்லை. 1500 கதவுகளைத் திறந்து காட்டியவரிடம் இன்னொரு கதவுக்குப் பின்னால் புதிதாக ஏதாவது இருக்கட்டும் என்று கேட்பதும் நியாயமில்லைதான். ஆனால் வாசகன் நியாயம் பார்த்து வாசிப்பதில்லை.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்றுண்டு. அது இந்த ஒரு நாவலோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. தமிழ் மர்ம நாவல்களில் மலை எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல். பனி மூடிய எஸ்டேட் பங்களா. கொண்டை ஊசி வளைவில் ஒரு கார். பிணத்தைப் போட வசதியான பள்ளத்தாக்கு. கேட்டைத் திறந்துவிட ஒரு காவலாளி, அநேகமாகப் பெயர் இல்லாதவர். தேயிலை அங்கே பச்சையாக ஒரு திரை. அந்தத் திரைக்குள் நிற்கும் ஆட்களை யாரும் பார்ப்பதில்லை, துப்பறிய வந்தவரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. விடியற்காலை ஐந்தரைக்கே எழுந்து மலையேறுகிறவர்களைவிட அந்தப் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்று வேறு யாருக்குத் தெரியும்?

இதை நோர்வூட்டில் இருந்து வாசிக்கும்போது ஒருமாதிரி இருக்கும். நீலகிரியில் கொழுந்து பறிப்பவர்களில் ஒரு பகுதியினர் நம்முடைய ஆட்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அவர்களுக்காகவே உண்டாக்கப்பட்டவை டான்டீ தோட்டங்கள். வாப்பாவிடம் தீபாவளிச் சட்டை தைத்த குடும்பங்கள் கோத்தகிரியில் இருக்கின்றன. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை. அவ்வளவு பக்கத்தில் இருக்கும் எழுத்தாளர்களின் கண்ணுக்கு அவர்கள் படவில்லை. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நான் அவர்களை வரிகளுக்கிடையில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நிஜமும் சிலவேளை நாவலைப் பார்த்துத்தான் எழுதுகிறது போலும். கொடநாடு எஸ்டேட் பங்களாவில் 2017 ஏப்ரலில் கொள்ளை நடந்தபோது கொல்லப்பட்டவர் ஒரு காவலாளி, நேபாளத்திலிருந்து பிழைக்க வந்தவர். சில நாட்களில், அந்தச் சம்பவத்தில் தேடப்பட்ட ஒரு சாரதி வீதி விபத்தில் இறந்தார். பத்திரிகைகள் பங்களாவுக்குள் என்ன இருந்தது என்பதையே எழுதின. காவலாளி பற்றி எழுதியது குறைவு. வருடங்கள் போயும் விசாரணை நீண்டுகொண்டே இருந்தது. ராஜேஷ்குமாரின் விவேக்காக இருந்திருந்தால் விஷ்ணுவைக் கூட்டிக்கொண்டு போய் நூறு பக்கத்துக்குள் முடித்திருப்பார், வீட்டுக்கு வந்து ரூபலாவின் கையால் காப்பியும் குடித்திருப்பார்.

எங்கள் மலையைப் பற்றி எழுத ஆள் இல்லாமல் இல்லை. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1970களில் வீரகேசரி வெளியீடாக வந்தது. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. மலிவு விலையில், பஸ் நிலையக் கடைகளிலும் வாங்கக்கூடியதாக நம் நாட்டு நாவல்கள் வந்தன. அதை நான் கலாசாலையில் வாசித்தேன், தலைவணங்குகிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன? அதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது மெஷின் நிற்கவில்லை. "இதெல்லாம் தெரிஞ்ச கததானே" என்றார்.

இன்னொரு சம்பவம். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதுவதென்றே தீர்மானித்தேன்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதத்தில் ஒருநாள் காலை எங்கள் வீட்டுக்கும் சீருடையில் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அலுமாரியில் இருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். உம்மும்மா வைத்திருந்த பழைய அரபுத்தமிழ் மாலைப் புத்தகம் ஒன்று. அதை எடுத்த அதிகாரி ரொம்ப நேரம் புரட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அது தமிழ்தான், எழுத்து மட்டும்தான் அரபு என்று விளங்கப்படுத்த முயன்றேன். என் சிங்களத்துக்கு அது பெரிய வேலை. தமிழை ஏன் அரபியில் எழுத வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. வாசித்துக் காட்டச் சொன்னார். என்னால் சரளமாக வாசிக்க முடியவில்லை. உம்மும்மாவோடு அந்த வாசிப்பும் போய்விட்டது. தமிழாசிரியன் என்று சொல்லிக்கொள்பவன் தன் வீட்டுத் தமிழை வாசிக்க முடியாமல் நின்றேன். அவர் அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

பிறகு மூலையில் கிடந்த தேயிலைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலேயே ஒரு க்ரைம் நாவல். அட்டையில் துப்பாக்கி பிடித்த ஒரு கை, கீழே ரத்தத் துளிகள். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இது என்ன?" என்றார். "ரஹஸ் பரீக்ஷக கத்தா" என்றேன். அந்த மனிதரின் முகம் அப்படியே மாறிவிட்டது. "ஷெர்லொக் ஹோம்ஸ்?" என்று சிரித்தார். ஆமென்றேன். பெட்டிக்குள் கையை விடாமலே மூடிவிட்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அன்று பின்னேரமே அந்த மாலைப் புத்தகத்தைத் துணியில் சுற்றித் தேயிலைப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே ராஜேஷ்குமாரையும் சுபாவையும் அடுக்கினேன். அந்த வாரங்களில் நம்மவர்களில் சிலர் புத்தகங்களைப் புதைத்தார்கள், சிலர் எரித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அடுத்த வருடம், 2020 மே மாதத்தில், மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதை நூலுக்காகக் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. அவரும் ஓர் ஆசிரியர். என் வீட்டில் கவிதையைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தது, நான் பஸ்ஸில் ஒளித்துக் கொண்டுவந்த அதே மாதிரி நாவல்கள்தான். புத்தகம் இன்னும் பெட்டியின் அடியிலேயே இருக்கிறது. எடுத்து அலுமாரியில் வைத்தால் என்ன என்று மனைவி இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

இனிப் பாடசாலைக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் ஒரு வாசிப்பு மூலை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நூல்கள், அழகான படங்கள், யாரும் தொடுவதில்லை. போன தவணையில் தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி விஞ்ஞானப் புத்தகத்துக்குள் வைத்து ஒரு மாத நாவலை வாசித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் தரத்துக்கு வரும்போது கூட்டெழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளை. நான் பறித்துவிட்டேன். அவள் அழவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. "சேர், இன்னும் முப்பது பக்கந்தான் இருக்கு" என்றாள்.

அந்த முப்பது பக்கத்தின் வேதனை எனக்குத் தெரியும். பாடசாலை விட்டதும் கூப்பிட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து தேயிலைப் பெட்டியிலிருந்து வாரம் ஒன்று அவளுக்குப் போகிறது. அதிபருக்குத் தெரியாது.

அவளுடைய அக்கா கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மாதம் ஒரு தடவை போன் வரும். இரண்டு மாதம் வராமலிருந்த காலமும் உண்டு. லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்போதெல்லாம் டயகமப் பிள்ளையைப் பற்றித்தான் பேசுவார்களாம். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை, வேலை செய்த கொழும்பு வீட்டிலிருந்து தீக்காயங்களோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டு, 15ஆம் திகதி இறந்தாள். அடக்கம் செய்த உடலை 30ஆம் திகதி தோண்டியெடுத்து மறுபடியும் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். டயகம இங்கிருந்து தூரமில்லை. அது ஓர் அரசியல்வாதியின் வீடு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யாருமல்ல. ஆனால் யாருடைய வீடு என்று பார்த்துத்தான் அன்று பலர் பேசினார்கள், யாருடைய வீடு என்று பார்த்துத்தான் பலர் பேசாமலிருந்தார்கள். ஹட்டனில் ஆர்ப்பாட்டம் நடந்தபோது சக ஆசிரியர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொன்னேன். எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. அதிகாரி ஒருவர் என் வீட்டுப் புத்தகங்களைப் புரட்டி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பிள்ளையின் தாய்க்குப் போதுமானதாக இருந்திருக்காது.

புதிய நாவலை வாசித்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்கு மர்மம் காரணமல்ல. கடைசிப் பக்கத்தில் விவேக் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வதைப் படிக்கும்போது, ஒரு பக்கம் எரிச்சலாக வந்தது. இவ்வளவு லேசா? ஒரு சாவுக்கு ஆள் வந்து, சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டு, விடையைச் சொல்லிவிட்டுப் போவது அவ்வளவு லேசான காரியமா? இன்னொரு பக்கம், அந்தப் பக்கம் இல்லாவிட்டால் நான் அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கவே மாட்டேன் என்பதும் தெரிந்தது. வாப்பாவும் அதற்காகத்தான் மெஷினை நிறுத்தினார்.

மறுநாள் அதை அவளிடம் கொடுத்தேன். நான் கேட்காமலே, "புதுசா சேர்?" என்று முகம் மலர வாங்கினாள். அங்கேயே நின்றபடி கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பகீரென்றது.

"என்ன புள்ள இது, கடைசிய மொதல்ல படிச்சா கதையில என்ன இருக்கு?"

"எப்பவும் இப்பிடித்தான் சேர் படிப்பேன். யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிச்சிர்றாங்களான்னு பாத்துக்குவேன். கண்டுபிடிச்சிட்டா, பெறகு பயமில்லாம மொதல்ல இருந்து படிக்கலாம்."

"இதுல?"

"கண்டுபிடிச்சிட்டாங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விஞ்ஞானக் கொப்பிக்குள் செருகிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். ஆறாம் பாட மணி அடித்துவிட்டிருந்தது.